நெகட்டிவ் வளைந்தால் மூக்குத்தி மங்கும்

மண்டபம் ஊரில் என் அப்பா நடத்திய ஸ்டூடியோவை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மூடும்போது கேமராவை விற்றார், என்லார்ஜரை விற்றார், பின்னால் தொங்கிய மாளிகைத் திரையைக்கூட ஒரு நாடகக்காரர் வாங்கிப் போனார். நெகட்டிவ்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏழு தகரப் பெட்டிகள் நிறைய, எல்லாம் 120 என்கிற அகல ரோல் பிலிம், யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் எடுத்த, ‘ஆறுக்கு ஆறு’ சென்டிமீட்டர் எனப்படும் சதுரங்கள். நான்கு ஆண்டுகளாக அவற்றை ஸ்கேன் செய்து வருகிறேன். எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிலிமை எதில் பிடிக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை எனக்குள் விதைத்தவர் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு பெண். அவருடைய தாத்தா குடும்பம் 1974இல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கியது. இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள். மண்டபம் முகாமில் சில வாரம் தங்கிவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். போகும் முன் எங்கள் ஸ்டூடியோவில் ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொண்டார்களாம். “அந்தப் படம் வீட்டில் இல்லை ஐயா, மழையில் போய்விட்டது” என்றார். அப்பா உறை மேல் தேதியும் பெயரும் எழுதி வைக்கிற ஆள். இரண்டு மாலை தேடியதில் கிடைத்துவிட்டது.

ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். நடுவில் நாற்காலியில் அமர்ந்திருந்த தாத்தாவின் மீசை முடியை எண்ணலாம். இடது ஓரத்தில் நின்ற பாட்டியின் முகம் மட்டும் பால் ஏடு படர்ந்ததுபோல் இருந்தது. மூக்குத்தி ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். பாட்டி ஆடிவிட்டார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியும்விட்டேன். மனம் கேட்காமல் இரவில் நெகட்டிவை விளக்குப் பெட்டி மேல் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால், மூக்குத்தி ஊசி முனைபோல் துல்லியமாக இருக்கிறது. பாட்டி ஆடவில்லை. அப்பாவும் கோட்டை விடவில்லை. என் பிலிம்தான் அதைப் பிடிக்கும் சட்டமான ஹோல்டருக்குள் கூடாரம்போல் வளைந்து நின்றிருக்கிறது. நீங்களும் படமெடுத்தவரைக் குறை சொல்லும் முன் உருப்பெருக்கியை எடுங்கள்.

35 மில்லிமீட்டர் பிலிமில் இந்தத் தொல்லை ஏன் குறைவு என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். அதில் படத்தின் உயரம் 24 மில்லிமீட்டர். துளைகள் ஓடும் இரு கரைகளிலும் ஐந்தரை மில்லிமீட்டர் வீதம் பிடித்துக்கொள்ள இடம் உண்டு. 120 பிலிமின் அகலம் ஏறக்குறைய 61 மில்லிமீட்டர், படமே 56 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் கரை. கயிற்றுக் கட்டிலை இரண்டு விரலால் பிடித்து விறைப்பாக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? நடுவில் 56 மில்லிமீட்டர் தாங்கலே இல்லாமல் தொங்குகிறது. ஆகவே 35 பிலிமுக்கு நன்றாக உழைக்கிற ஹோல்டர் வகை, 120க்கும் உழைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

எந்தப் பக்கம் வளைகிறது என்பது அடுத்த கேள்வி. பிலிமின் ஒரு பக்கம் மங்கல், மறுபக்கம் பளபளப்பு. மங்கலான பக்கம்தான் எமல்ஷன், படம் பதியும் பூச்சு. அப்பா அதை மருந்துப் பக்கம் என்பார். அது ஜெலட்டின். ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது பிலிமைத் தன் பக்கமாக இழுத்துக்கொள்ளும். மண்டபத்தில் இது கண்கூடு. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நாக்குபோல் நீண்ட நிலம் இது. காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கொடியில் காயும் துணியே சொல்லும். கச்சான் காற்று அனலாக வீசும் நாள்களில் உறையிலிருந்து எடுத்த பிலிம் ஓலைச்சுருள்போல் சுருண்டுகொள்ளும். அதே பிலிம் ஐப்பசி மழையில் ஈர அப்பளம்போல் தொய்ந்து கிடக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஒரு ஹோல்டரை வாங்கி ஆயுள் முழுக்க ஓட்டலாம். நம் கரையில் காற்றைப் பார்த்துத்தான் ஹோல்டரை எடுக்க வேண்டும்.

கண்ணாடித் தளத்தின் மேல் வைத்து எடுக்கும் தட்டு ஸ்கேனரோடு சேர்ந்து வருகிற பிளாஸ்டிக் சட்டத்தைப் பலரும் திட்டுகிறார்கள். நான் அவ்வளவு திட்ட மாட்டேன். கண்ணாடி இல்லாததால் தூசி படியும் பரப்புகள் குறைவு, பின்னால் சொல்லப்போகும் வளையக் கோடுகள் விழாது, வேலை வேகமாக நடக்கும். பிலிம் தானாகவே தட்டையாகக் கிடக்கிற நாளில், மூன்று நான்கு படங்கள் சேர்ந்த நீளமான துண்டாக இருந்தால், இதுவே போதும். சுருளும் பிலிமை இது அடக்காது. கரையை மட்டும் கவ்விக்கொண்டு நடுவைக் கைவிட்டுவிடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: மேல்மூடியைச் சாத்திய பின் விரலால் லேசாக இழுத்தால் பிலிம் நழுவுகிறதா? நழுவினால் அந்த மூடி பெயருக்குத்தான் மூடி.

அடுத்தது கண்ணாடி வைத்த ஹோல்டர். பிலிமை உண்மையில் தட்டையாக்குவது இதுதான். ஆனால் சாதாரண வழுவழுப்பான கண்ணாடியை பிலிமின் பளபளப்பான பக்கத்தின் மேல் வைத்தால், தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியதுபோல் வளையம் வளையமாகக் கோடுகள் விழும். நியூட்டன் வளையங்கள் என்று பெயர். இரண்டு வழுவழுப்பான பரப்புகள் முழுதும் ஒட்டாமல், நடுவில் மயிரிழை காற்று நிற்கும்போது ஒளி அங்கே முட்டி மோதி உண்டாக்கும் கோலம். இதற்காகவே ஒரு முகத்தை மிக மெல்லியதாகச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி விற்கிறார்கள். எப்சன் வி850 ஸ்கேனரின் ஹோல்டர்களில் அப்படிப்பட்ட தகடு கூடவே வருகிறது. தனியாக வாங்கினால் விலை கொஞ்சம் உறைக்கும். படச்சட்டக் கடையில் கிடைக்கும் கூசாத கண்ணாடியை வெட்டி வாங்கிச் சிக்கனம் பிடிக்கலாம் என்று நானும் பார்த்தேன். அதன் சொரசொரப்பு முரடு. வெளிறிய வானம் வந்த இடமெல்லாம் ரவை தூவியதுபோல் புள்ளி. அந்தத் துண்டு இப்போது சமையலறையில் மிளகாய் வற்றல் தட்டுக்கு மூடியாக இருக்கிறது.

கண்ணாடியைப் பிலிமுக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா? மேலே. தட்டு ஸ்கேனரில் லென்ஸ் கீழே இருக்கிறது, விளக்கு மூடியில் இருக்கிறது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையில் கண்ணாடி வந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியம் தள்ளிப்போகும். இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏமாற்றும். மேலே இருந்தால் அந்தக் கணக்கே வேண்டாம். பிலிமை மருந்துப் பக்கம் கீழே பார்க்கும்படி போடுங்கள். அது தன் மருந்துப் பக்கமாகத்தானே வளையும்? அப்போது நடுப்பகுதி மேடாக, கவிழ்த்த கிண்ணம்போல் நிற்கும். சொரசொரப்பு முகம் கீழே பார்க்க, கண்ணாடியை அந்த மேட்டின் மேல் மெல்ல இறக்கினால் அதன் எடையே பிலிமைப் படுக்க வைத்துவிடும். பளபளப்பான பக்கத்தில் சொரசொரப்பு படுவதால் வளையமும் வராது.

இப்படிப் போட்டால் படம் இடவலம் மாறி வரும். மென்பொருளில் ஒரு சொடுக்கில் திருப்பிக்கொள்ளலாம். மறந்துவிட்டால் காட்டிக்கொடுக்க நம் படங்களில் சாட்சிகள் நிறைய. சேலை முந்தானை இடது தோளில் விழ வேண்டும். வலது தோளில் விழுந்திருந்தால் படம் திரும்பியிருக்கிறது. வல்லத்தில் எழுதிய பெயர், கடைப் பலகை எல்லாம் உதவும். ஒரு கல்யாணத் தொகுப்பில் இருபது படங்களைத் திருப்பாமலேயே அச்சுக்குக் கொடுத்து, மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் இருந்த பெண்ணை வலப்பக்கம் மாற்றி வைத்த பெருமை எனக்குண்டு.

பாட்டியின் படத்துக்கு வருகிறேன். கண்ணாடி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தேன். இப்போது ஓரமும் நடுவும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே மாதிரி மங்கல்! தட்டையாகிவிட்டது, ஆனால் உயரம் தப்பு.

தட்டு ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றுக்குக் குவியத்தை மாற்றிக்கொள்ளத் தெரியாது. கண்ணாடித் தளத்துக்கு மேலே இத்தனை மில்லிமீட்டர் என்று தொழிற்சாலையில் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள், அதிலும் ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்களுக்கிடையே சின்ன வேறுபாடு இருக்கும். எப்சன் வி700 ஹோல்டரின் கால்களை இரண்டரை, மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் என்று மூன்று உயரங்களில் வைக்கலாம். அந்த வசதி இல்லாத ஹோல்டருக்குத் தாள் இருக்கிறது. நாம் பிரிண்டரில் போடுகிற 80 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். விரல் நகம் அளவுக்குத் துண்டுகள் வெட்டி, ஐந்தைந்தாக அடுக்கி, ஹோல்டரின் நான்கு மூலைகளிலும் வைத்தால் அரை மில்லிமீட்டர் ஏறும். மிகக் கூர்மையான ஒரு நெகட்டிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். தாள் இல்லாமல் ஒன்று, ஐந்து தாளில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று ஒரே மூலையை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். நான்கையும் நூறு விழுக்காட்டில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், கண் ஏமாறும். கிரெய்னைப் பாருங்கள். வெள்ளித் துகள்கள் தனித்தனியாகத் தெரிகிற இடமே உங்கள் உயரம். பிறகு அதன் அருகில் ஒவ்வொரு தாளாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில், என் இயந்திரத்தில் அது ஏழு தாளில் வந்து நின்றது. அதே தடிமனில் பிளாஸ்டிக் வெட்டி ஒட்டிவிட்டேன், ஏனென்றால் நம் ஊர்க் காற்றில் தாளும் ஈரம் குடித்து உப்பும்.

ஏழாவது தாளில் பாட்டியின் மூக்குத்தியில் மூன்று கல் தெரிந்தது.

ஸ்கேனர் தளத்தின் மேல் ஓரத்தில் ஒரு பட்டை இடத்தை இயந்திரம் தன் வெளிச்சத்தை அளந்துகொள்ளப் பயன்படுத்தும். ஹோல்டரில் அதற்கென ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். நீங்களாகச் செய்துகொள்ளும் சட்டம் எதுவும் அந்த இடத்தை மறைக்கக் கூடாது. அங்கே ஒரு தூசி நின்றால்கூடப் படம் முழுக்க நெடுகக் கோடு விழும். மூடியின் உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள்பலகையைக் கழற்ற மறப்பவர்களும் உண்டு. படம் கருப்பாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவைத் துண்டு துண்டாக, ஒரு படம் ஒரு உறை என்று வெட்டி வைப்பார்கள். கடையில் நான் பார்த்த எந்த ஹோல்டரும் ஒற்றைச் சதுரத்தை ஒழுங்காகப் பிடிப்பதில்லை. இதற்கு நான் ஆல்பத்தில் போடும் கருப்பு அட்டையில் சட்டம் வெட்டிக்கொள்கிறேன். அட்டை மங்கலான கருப்பாக இருக்க வேண்டும்; மினுமினுப்பு இருந்தால் ஒளி பட்டுத் தெறித்துப் படத்தின் ஓரத்தை வெளுக்கும். இரண்டு அட்டைகள், கீழ் அட்டையில் 57 மில்லிமீட்டர் சதுரச் சன்னல், ஒரு பக்கத்தில் துணி டேப் ஒட்டிப் புத்தகம்போல் திறக்க வேண்டும். சன்னலை வெட்டப் புதிய பிளேடு, இரும்பு அளவுகோல். பழைய பிளேடு அட்டையின் நாரை இழுத்துவிடும், அந்த நார் ஒவ்வொரு படத்திலும் மீசைபோல் விழும். வெட்டிய விளிம்பில் கருப்பு மார்க்கர் பேனாவை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நெகட்டிவை நடுவில் வைத்து மூடி, அதன் மேல் கண்ணாடி. கண்ணாடி சன்னலுக்குள் அடங்கிப் பிலிமைத் தொட வேண்டும் என்பதால், மேல் அட்டையின் சன்னலைக் கண்ணாடி அளவுக்குப் பெரிதாக வெட்டுகிறேன்.

ஸ்கேனர் வேண்டாம், கேமராவிலேயே நெகட்டிவைப் படமெடுத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு வேறு கணக்கு. ஆறுக்கு ஆறு நெகட்டிவை முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) டிஜிட்டல் கேமராவில் நிரப்ப, அசலில் பாதிக்கும் குறைவான உருவளவு போதும், எந்த மேக்ரோ லென்ஸும் தாங்கும். ஹோல்டரில் பார்க்க வேண்டியவை இரண்டு. படத்தைச் சுற்றி வெளிச்சம் கசியக் கூடாது. பிலிம் விளக்குப் பலகையிலிருந்து சில சென்டிமீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும். பலகை மேல் உட்கார்ந்துவிட்டால் பலகையின் தூசியும் சேர்ந்து படமாகும். கேமராவும் பிலிமும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, பிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். கேமராத் திரையில் லென்ஸின் சொந்தப் பிம்பம் சரியாக நடுவில் வந்தால் இணை. நீர்மட்டக் கருவியைவிட இது நம்பகமானது. லென்ஸ் துளையை எஃப் 8 வாக்கில் வைத்தால் சிறு வளைவை அது மன்னித்துவிடும். தட்டு ஸ்கேனர் அந்த மன்னிப்பைத் தருவதில்லை. அவசர வேலைக்கு நான் கேமராதான். ஆனால் அமைப்பைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிற வீட்டில் இது சரிவராது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் சுத்தமாகச் சரிவராது.

பிலிமைச் சட்டத்தில் ஏற்றும் முன் துடைப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களில், முகங்கள் இருக்கும் இடத்தில், மருந்துப் பக்கத்தைச் சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கொசு கடித்ததுபோல் சிறுசிறு பென்சில் புள்ளிகள் தெரியும். அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழ்க் கருவளையத்தையும் மறைக்க, கூர் சீவிய பென்சிலால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வைத்த புள்ளிகள். ரசாயனம் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தால் அத்தனையும் போய்விடும். முதல் பெட்டியில் பதினோரு முகங்களை அப்படித்தான் அழித்தேன். இப்போது ரப்பர் பம்பால் காற்று அடிப்பதோடு சரி. அதுவும் போகாத தூசிக்கு மென்மையான தூரிகை, பளபளப்பான பக்கத்தில் மட்டும். வாயால் ஊதவே கூடாது. துணியால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது: நம் கரையின் தூசியில் உப்பும் மணலும் இருக்கின்றன, இரண்டும் கீறும். கருப்பு வெள்ளை பிலிமுக்கு ஸ்கேனரின் தானியங்கித் தூசி நீக்கம் உதவாது. அது அகச்சிவப்புக் கதிரை நம்பி வேலை செய்கிறது; வெள்ளித் துகள் அந்தக் கதிரையும் மறைத்துவிடும் என்பதால் படத்தையே தூசி என்று நினைத்துக் குதறும்.

சுருண்ட பிலிமை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தச் சொல்வார்கள். புதிதாகக் கழுவிய பிலிமுக்கு அது சரி. ஊட்டியில் தயாரான பழைய ‘இந்து’ பிலிமையோ ஆர்வோ பிலிமையோ ஐம்பது ஆண்டு கழித்து அப்படிச் செய்தால் மருந்துப் பூச்சு விரிசல் விடும். உறைக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். கச்சான் காலத்தில் அவசரமென்றால், ஜன்னல் திறந்த அறையில் விடியற்காலைக் காற்றில் அரை மணி நேரம் விரித்து வைத்தாலே கொஞ்சம் இளகும். மழைக்காலத்தில் தலைகீழ்: பிலிம் தானாகவே படுத்திருக்கும், கண்ணாடியைத் தொடவே தொடாதீர்கள். ஈரமான ஜெலட்டின் எதில் ஒட்டினாலும் உரித்தெடுப்பது கஷ்டம். அந்த நாள்களுக்குத்தான் நான் அந்தச் சாதா பிளாஸ்டிக் சட்டத்தை எறியாமல் வைத்திருக்கிறேன். உறையைத் திறந்ததும் காடி வாசனை வந்தால் அது பிலிமின் அடித்தகடு சிதையத் தொடங்கியதன் அறிகுறி. அதை உடனே ஸ்கேன் செய்துவிட்டு, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

எத்தனை புள்ளி அடர்த்தியில் எடுப்பது என்று கேட்பார்கள். அங்குலத்துக்கு 2400 புள்ளி வைத்தால் ஆறுக்கு ஆறு படம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 5300 புள்ளிகள் வரும். பிலிம் தட்டையாக, சரியான உயரத்தில் இருந்தால் சுவரளவுக்குப் பெரிதாக்கலாம். பிலிம் வளைந்திருந்தால் 6400 வைத்தாலும் மங்கலைத்தான் பெரிய கோப்பாகச் சேமிப்பீர்கள்.

வேலை நேரம் எனக்கு விடியற்காலை ஐந்து முதல் ஏழு. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், அதற்கு அந்த நேரம்தான் தாங்கும். ஸ்கேனர் தளத்தை ஒவ்வொரு நாளும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறேன். ராத்திரி மூடாமல் விட்டால் காலையில் விரல் வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கும். உப்பு ஜாடி வியர்க்கிற வீடுதானே இது. முடித்ததும் கண்ணாடியை அதன் துணிப்பைக்குள், ஹோல்டரை மூடியுள்ள டப்பாவுக்குள், கூட இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நெகட்டிவ் அப்பாவின் உறைக்கே திரும்பிப் போகும். கோத்தகிரிக் குடும்பத்தின் உறையில் அப்பா ‘2 காப்பி, பாக்கி ரூ. 3’ என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு மூன்று ரூபாயை எண்ணி மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன்.